பவுண்டில் அடைத்த புகை

வேம்படித்துறையில் புகை தரையிறங்கி நடக்கத் தொடங்கியது ஒரு தை மாதத்தில், ஊரே கூடியிருந்த ஒரு கல்யாணப் பந்தியின்போது. மேற்கே உப்பளங்களுக்கு அப்பால் இருந்த சுண்ணாம்புக் காளவாசலிலிருந்து கிளம்பிய கரும்புகை, அன்றைக்கு ஏனோ வழக்கம்போல வானத்தோடு கலந்து கரைந்துபோகாமல், உடைமரக் காட்டைக் கடந்து, பாத்தி வரப்புகளில் கால் தவறாமல் நடந்து, மாதா கோயில் முக்கில் திரும்பி, பந்தியில் ஆளில்லாமல் கிடந்த ஓர் இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. பரிமாறிக்கொண்டு வந்தவர் அந்த இலையிலும் சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றி, "இன்னுங் கொஞ்சம்?" என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார், ஏனென்றால் பந்தியில் உட்கார்ந்தவரைப் பார்த்து நீ யார் வீட்டு ஆள் என்று கேட்பது அந்த ஊரில் மரியாதை இல்லை. பக்கத்து இலைக்காரர்கள் மட்டும் கொஞ்சம் இருமினார்கள்.

மறுநாளிலிருந்து மற்றப் புகைகளும் வரத் தொடங்கின. மீன்மாவு ஆலையின் புகை கவிச்சி வாடையோடு வந்து ரேஷன் கடை வரிசையில் நின்றது. நெடுஞ்சாலை ஓரத்தில் யாரோ பழைய டயரைக் கொளுத்திய புகை, கருத்துப் பருத்து, பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. அதுவரைக்கும் புகை என்பது மேலே போகிற சங்கதி, போனால் போனதுதான்; எங்கே போகிறது, போன இடத்தில் யாருடைய நெஞ்சுக்குள் குடியேறுகிறது என்று யாரும் கேட்டதில்லை. இப்போது அது கைகால் முளைத்த மாதிரி வந்து வாசலில் நின்றதும், ஊர் முதலில் ஆச்சரியப்பட்டது, பிறகு எரிச்சல்பட்டது, அதற்கும் பிறகு வழக்கம்போல ஊராட்சியைக் குறை சொன்னது.

ஊராட்சித் தலைவர் ரெமிஜியூஸ் ஐஸ் ஆலை வைத்திருந்தவர். எந்தக் காரியத்தையும் உருகிப்போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம் அவர் பேச்சில் எப்போதும் இருக்கும். கூட்டத்தைக் கூட்டினார், ஆளாளுக்குப் பேசியதைக் கேட்டார், துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அடுத்தவன் மாடு அத்துக்கிட்டு வந்து நம்ம ஊருல மேஞ்சா என்ன செய்வோம்?"

"பவுண்டுல அடைப்போம்."

"அப்ப இதையும் பவுண்டுல அடைங்க. மாட்டுக்காரன் வந்து மாட்டக் கூட்டிட்டுப் போற மாதிரி, புகைக்காரன் வந்து புகையக் கூட்டிட்டுப் போவட்டும்."

பவுண்டு என்பது ஊராட்சி அலுவலகத்துக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு கல்கட்டு. ஆள் உயரச் சுவர், கூரை கிடையாது, ஒரே ஒரு கம்பிக் கதவு. தப்பிவந்த மாடுகளை அடைப்பதற்காக எந்தக் காலத்திலோ கட்டியது. ஊரில் மாடே இல்லாமல் போன பிறகு சும்மா கிடந்தது. அதன் சாவி சலேத்மேரியிடம் இருந்தது, அவள் வீட்டுக் கொல்லைச் சுவரும் பவுண்டுச் சுவரும் ஒன்றே என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. கூரையில்லாத கட்டுக்குள் புகையை எப்படி அடைப்பது என்று பத்தாம் வகுப்பு வாத்தியார் மட்டும் கேட்டார். அடைத்துப் பார்த்தார்கள், அடைந்து கிடந்தது. சட்டம் என்றால் சட்டம்தானே.

சலேத்மேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேம்படித்துறையில் அவளைப் போலச் சுத்தக்காரி கிடையாது. கோழி கூவுவதற்குள் எழுந்து வாசலைப் பெருக்கி, கொல்லையைப் பெருக்கி, கை அரிப்புத் தீராமல் பவுண்டையும் சேர்த்துப் பெருக்கி, வேப்பிலை, பால் கவர், பிஸ்கட் தாள், நைலான் வலைத் துண்டு எல்லாவற்றையும் கடலோரமாகக் குவித்து ஒரு தீக்குச்சி உரசிப் போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். "நம்ம வாசல்ல எல விழணும்னா மரம் ஒங்கிட்ட அனுமதி கேக்கணும் போலிருக்கு" என்று அவள் புருஷன் பிளவேந்திரன் கேலி செய்வான். அவன் வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவன், மணலைத் தட்டாமல் வீட்டுக்குள் நுழைந்தால் அவனுக்கு அன்றைக்குக் காப்பி கிடையாது. இந்தச் சுத்தத்துக்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. அவர்கள் மகள் ஜெனிஃபாவுக்கு மூச்சிழுப்பு.

ஜெனிஃபா நாலாம் வகுப்புப் படித்தாள். நன்றாகத்தான் இருப்பாள், மணலில் ஓடுவாள், வாயாடுவாள், திடீரென்று ஒரு சாயங்காலம் இழுப்பு வந்துவிடும். வந்தால் தோள்பட்டை இரண்டும் காதுவரைக்கும் ஏறிக்கொள்ளும், கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போகும், பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டுக் கண்ணால் மட்டும் பார்க்கும். மருந்துக்குழலை வாயில் வைத்து அழுத்திவிட்டு, அது வேலை செய்யும்வரை முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர சலேத்மேரியால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நேரங்களில் அவளுக்கு உலகத்திலுள்ள எல்லாக் காற்றின் மீதும் கோபம் வரும். தன் பிள்ளையின் நெஞ்சில் எவன் வீட்டுப் புகை வந்து உட்கார்கிறதோ அவன் ஒரு நாள் தன் கண்முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதனால் பவுண்டுக் காவலுக்கு ஆள் வேண்டும் என்று ரெமிஜியூஸ் சொன்னபோது, முந்தானையை மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, அரிசி புடைக்கிற சுளகைக் கையில் எடுத்துக்கொண்டு அவளாகவே முன்னால் வந்து நின்றாள்.

புகையை ஓட்டுவது மாட்டை ஓட்டுவதைவிடச் சுலபம் என்று அவள் சீக்கிரமே கண்டுகொண்டாள். பின்னால் நின்று சுளகால் மெல்ல விசிறினால் போதும், முன்னால் நடக்கும். வேகமாக விசிறினால் மட்டும் மிரண்டு யார் வீட்டுக்குள்ளாவது ஓடிவிடும். வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் உள்ளே போய்விடும். ஆகவே தெருவில் வம்பு பேசாமல் அவளால் போக முடிந்தது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

காளவாசல் உரிமையாளர் சுடலையாண்டிதான் முதலில் வந்தார். தானாக வரவில்லை, அவருடைய சுண்ணாம்பு லாரி வேம்படித்துறை வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போக வேண்டும், அதை ரெமிஜியூஸ் மறித்து வைத்துவிட்டார். வெள்ளை வேட்டியும் கோபமுமாக வந்து பவுண்டுக் கதவுக்கு வெளியே நின்றார்.

"புகைன்னா எல்லாம் கருப்பாத்தான் இருக்கும். இது எம் புகைதான்னு என்ன சாட்சி?"

அவர் வெற்றியோடு திரும்பித் தன் லாரிக்காரனைப் பார்த்து, "ஏல, வண்டியத் திருப்புல" என்று சத்தம் போட்டார். அவ்வளவுதான். உள்ளே மூலையில் படுத்துக்கிடந்த கரும்புகை காதைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்து, நேராகக் கதவருகே வந்து, கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி அவர் வேட்டியை முகர்ந்தது. அவர் நாலடி தள்ளி நின்று பேசிப் பார்த்தார், அங்கேயும் கழுத்தை நீட்டியது. சொந்தக்காரன் குரலுக்கு மட்டும்தான் புகை எழும் என்பது அன்றைக்கு ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

அப்புறம் தண்டம் என்ன விதிப்பது என்று பேச்சு வந்தது. ரூபாய் போடலாம் என்றார் ரெமிஜியூஸ். சலேத்மேரி முந்தானையை வாயிலிருந்து இறக்கினாள்.

"ரூவா வேண்டாம் தலைவரே. எம் பிள்ளைக்கி இழுப்பு வந்தா ஒரு ஒல சோறு வேகுற நேரம் மூச்சுக்குத் தவிக்கும். அண்ணாச்சி அதே நேரம் உள்ள அவுக புகையோட இருந்துட்டுக் கூட்டிட்டுப் போவட்டும். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

ஊராட்சி அலுவலகத்து கேஸ் அடுப்பில் உலை வைத்தார்கள். விறகு வைத்தால் அந்தப் புகையையும் அல்லவா அடைக்க வேண்டும்? சுடலையாண்டி சிரித்துக்கொண்டே உள்ளே போனார், சோறு பதம் வந்ததும் கண் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வந்தவரை அப்படியே அனுப்புவது மனுஷத்தனம் இல்லை என்பதால், அந்த உலைச் சோற்றையே வடித்து, ஊளி மீன் குழம்பை ஊற்றி அவர் முன்னால் வைத்தார்கள். அவர் சாப்பிட்டார், கை கழுவினார், புகை கன்றுக்குட்டி போலப் பின்னால் வர, உப்பள வரப்பு வழியாகத் தன் ஊருக்கு நடந்தார். அந்த மாதமே காளவாசலில் விறகுக்குப் பதிலாகப் பழைய டயர் எரிப்பதை நிறுத்திவிட்டார் என்று கேள்வி.

அதற்குப் பிறகு வேம்படித்துறைக்கு இது ஒரு வழக்கமாகிவிட்டது. எந்த மாதத்தில் எந்தக் காற்று, எந்தக் காற்றில் யாருடைய புகை என்பதெல்லாம் பாட்டு மாதிரி எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிற்று. கச்சான் அடிக்கிற ஆனியிலும் ஆடியிலும் மேற்கேயிருந்து சாலைப் புகைகள் மந்தையாக வந்தன. கீழ்க்காற்றான கொண்டல் திரும்பியதும் கடல்மேல் போகிற கப்பல்களின் புகை கால் நனையாமல் அலைமேல் நடந்துவந்து கரையேறியது. வாடையோடு வந்தவை குளிரில் நடுங்கி ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்தன. ஒரு முறை எந்த நாட்டுப் பாலைவனத்திலிருந்தோ பொன்னிறத் தூசி ஒன்று வந்து சேர்ந்தது, அதை யாரும் எரிக்கவில்லை, அது யாரையும் எரிக்கவில்லை, வழிப்போக்கர் என்று ஒரு ராத்திரி தங்கவைத்து மறுநாள் கிழக்கே அனுப்பிவிட்டார்கள். கப்பல் தலைமை மாலுமி ஒருவர் படகில் கரைக்கு வந்து, தன் பாஷையில் புகையைக் கூப்பிட்டு, உலை வேகும்வரை உள்ளே உட்கார்ந்து, சோறு நன்றாக இருந்தது என்று சைகையில் சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணுக்குத் தெரியாத வாயுக்கள்தான் கொஞ்சம் தொல்லை கொடுத்தன. தெருவில் கோழி தும்மினால், நாய் கண்ணைத் தேய்த்துக்கொண்டால், ஏதோ ஒன்று போகிறது என்று அர்த்தம். அவற்றுக்கு ஆட்டு மணி கட்டிவிடலாம் என்று சலேத்மேரிதான் யோசனை சொன்னாள். கண் எரிச்சல் அதிகமாக இருக்கிற இடமாகப் பார்த்துக் கையை நீட்டிக் கட்டிவிட்டாள், அப்புறம் மணிச்சத்தம் மட்டும் தெருவில் தனியாக நடந்தது. அந்த மணி ஒரு நாள் ஊர்க்கூட்டத்துக்குள் வந்து, ரெமிஜியூஸ் பேசப் பேச அவர் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி ஒலித்தது. ஐஸ் ஆலைக் குழாயில் அமோனியா கசிந்துகொண்டிருந்ததை அவர் அவ்வளவு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கும் உலை வைத்தார்கள். தலைவர் என்பதற்காகச் சோற்றுக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்ததைத் தவிர வேறு சலுகை எதுவும் காட்டவில்லை, குழாயும் அந்த வாரமே மாறியது.

எல்லாப் புகைக்கும் சொந்தக்காரர் வந்தார்கள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

சாம்பல் நிறத்தில், நாய்க்குட்டி அளவில் இருந்தது அது. மத்தியானத்துக்கு மேல் மணல் சுட்டுக் கடற்காற்று கரைக்குத் திரும்புகிற நேரத்தில், அலையிலிருந்து எழுந்து, வழியில் எந்த வீட்டையும் எட்டிப் பார்க்காமல், நேராகச் சலேத்மேரி வீட்டுக்கு வரும். அவள் அப்போதுதான், மத்தியான இடைவேளைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து மணலில் விளையாடப் போன மகளைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுக்கொண்டிருப்பாள். புகை உள்ளே வந்து ஜெனிஃபாவின் கட்டிலுக்கு அடியில் சுருண்டு படுத்துக்கொள்ளும். வேப்பிலை கருகிய வாடையும் பிளாஸ்டிக் உருகிய வாடையும் கலந்து வீசும். ராத்திரிக்குள் பிள்ளைக்கு இழுப்பு தொடங்கிவிடும்.

சலேத்மேரி முந்தானையை வாயோடு கட்டி, அதைச் சுளகால் விசிறிப் பவுண்டில் கொண்டுபோய் அடைப்பாள். மறுநாள் அதே நேரத்துக்கு அதே நிறத்தில் இன்னொன்று வரும். அதையும் அடைப்பாள், முந்தின நாள் புகையோடு அது ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். இப்படியே சேர்ந்து சேர்ந்து நாய்க்குட்டி கிடாவாயிற்று, கிடா எருமையாயிற்று. கோயில் மைக்கில் நிறம், வாடை, வருகிற நேரம் எல்லாம் சொல்லி அறிவிப்புச் செய்தார்கள். பவுண்டுக்கு வந்த ஒவ்வொருவரையும் அதன் முன்னால் நிறுத்திக் கூப்பிடச் சொன்னார்கள். அது தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கப்பல் புகையாத்தான் இருக்கும்" என்றாள் சலேத்மேரி. "கடல்லேர்ந்துதான வருது."

பிளவேந்திரன் வலையைப் பிரித்துக்கொண்டே, "கப்பல் புகை இப்பிடி இருக்காதுட்டி" என்றான். "நாங்க வெள்ளன கரக்காத்துல வள்ளத்த எறக்கும்போது இந்த மாதிரி ஒண்ணு எங்க தலைக்கி மேல போவும். மத்தியானம் காத்து திரும்புனா நாங்களும் திரும்புவோம், அதுவும் கூடத்தான் திரும்பும். சில நாள் எங்களுக்கு முன்னாலயே கரை சேந்துரும்."

"அப்ப வேற ஊருக்காரன் எவனோ கடல்ல கொண்டாந்து விடுதான்."

"இருக்கும்" என்றான் அவன், காப்பி கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்று.

இதில்தான் வேடிக்கை. விடியலில் கரைக்காற்று வள்ளத்தைக் கடலுக்குள் கொண்டுபோகும், மத்தியானம் கடற்காற்று அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் என்பதை நம்பித்தான் அந்த ஊர் அத்தனை தலைமுறையாகச் சோறு சாப்பிட்டது. போன புருஷன் அதே காற்றில் திரும்புவான் என்று ஒவ்வொரு வீட்டிலும் உலை வைத்துக் காத்திருந்த ஊர் அது. ஆனால் அதே காற்றில் வேறு எதுவும் திரும்பிவரக்கூடும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் ஜெனிஃபாவுக்கு வந்த இழுப்பு மருந்துக்குழலுக்கு அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. ரெமிஜியூஸின் ஐஸ் வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே முகத்தில் மூடி வைத்து மருந்துக் காற்றைச் செலுத்தி, பிள்ளை கண்ணைத் திறக்கும்வரை சலேத்மேரி செத்துச் செத்துப் பிழைத்தாள். டாக்டரம்மா நல்ல மாதிரி. தோளில் கை வைத்துச் சொன்னார்:

"இன்னொரு தடவை இப்பிடி வந்தா நேரத்துக்கு வந்து சேருவீங்களான்னு சொல்ல முடியாதும்மா. எந்தப் புகை இவளுக்கு ஆகலேன்னு பாருங்க. அதை நிறுத்துங்க."

ஊர் திரும்பியதும் அவள் நேராகப் பவுண்டுக்குப் போனாள். சாம்பல் புகை சுவரோரம் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூடிய வாய்க்குள்ளேயே, அதன் சொந்தக்காரன் யாராக இருந்தாலும் ஒரு உலை இல்லை மூன்று உலை வேகும்வரை உள்ளே உட்காரவைக்காமல் விடுவதில்லை என்று மாதாமேல் ஆணையிட்டாள். மறுநாள் விடியலில் எழுந்து, பிள்ளை இருக்கிற இடத்தில் ஒரு தூசு துரும்பு இருக்கக் கூடாது என்று வீட்டையும் வாசலையும் தெருவையும் முன்னைவிட இரண்டு மடங்கு பெருக்கி, முன்னைவிட இரண்டு மடங்கு உயரமாகக் குவித்துக் கொளுத்தினாள். புகை கடலைப் பார்த்துப் போய் மறைந்ததும் அவளுக்கு மனசு கொஞ்சம் லேசாயிற்று.

ரெமிஜியூஸ் விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பவுண்டில் பெரிய கூப்பீடு என்று ஏற்பாடு செய்தார். சுற்றுவட்டாரத்தில் நெருப்பு வைக்கிற, கரி எரிக்கிற, குழாய் வைத்து வாயு விடுகிற அத்தனை பேரும் வந்துசேர்ந்தார்கள். முன்பே உலை வேகும்வரை உள்ளே இருந்தவர்கள், இனி இருக்கப்போகிறவர்கள் என்று கல்கட்டைச் சுற்றி நல்ல கூட்டம். சுண்டல்காரர்கூட வந்துவிட்டார். சுடலையாண்டி, இப்போது இந்த ஊர்ச் சோற்றில் கை நனைத்த உரிமையில், வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். சலேத்மேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, இடுப்பில் சாவியோடு கதவருகே நின்றாள்.

மீன்மாவு ஆலை மேனேஜர் கூப்பிட்டார். செங்கல் சூளைக்காரர் கூப்பிட்டார். கப்பல் ஏஜென்ட் ஒருவர் தனக்குத் தெரிந்த பாஷையிலெல்லாம் கூப்பிட்டார். பிணம் எரிக்கிறவர் கூப்பிட்டார், ஓட்டல்காரர் கூப்பிட்டார், புல்லட் வைத்திருந்த போலீஸ்காரர் தன் பங்குக்கு அதட்டிப் பார்த்தார். எருமை அளவிலிருந்த புகை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரண்டு படுத்ததோடு சரி. மாதா கோயிலில் மத்தியான மணி அடித்தது.

மணியைக் கேட்டதும் சலேத்மேரிக்குப் பிள்ளை இன்னும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஜெனிஃபா சுவருக்கு அந்தப் பக்கம் மணலில், தோழிகளோடு கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை பேருக்கு நடுவில் முகத்தை மூடிக்கொண்டு கூப்பிட்டால் கேட்காது. முந்தானையை இறக்கிவிட்டு, தினமும் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள்.

"ஏட்டி ஜெனி, சோறு திங்க வா."

சாம்பல் புகை எழுந்து நின்றது.

உடம்பை உதறிக்கொண்டது. ஒட்டியிருந்த வேப்பிலைச் சாம்பல் பொலபொலவென்று கொட்டியது. கூட்டத்தில் வேறு யாரையும் பார்க்காமல் அசைந்து அசைந்து கதவருகே வந்து, கம்பி இடுக்கு வழியாகத் தலையை நீட்டி, அவள் சேலை மடிப்பில் முகத்தை வைத்துக்கொண்டது. தினமும் மத்தியானம் அது பிள்ளையைத் தேடி வரவில்லை. கூப்பிட்ட குரலைக் கேட்டு வந்தது.

சுண்டல்காரர் கரண்டியைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். சலேத்மேரி அதன் நெற்றியைப் பார்த்தாள். அதில் ஒரு பால் கவரின் நீலம் உருகாமல் மிச்சம் இருந்தது, வழக்கமாக அவள் வாங்குகிற பால்தான். விடியற்காலையில் தான் குனிந்து தீக்குச்சி உரசுவதும், புகை கடல்மேல் போவதும், அப்பாடா என்று தான் திரும்பி நடப்பதும் அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் உதடு இருந்த நிறமும் தெரிந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சுடலையாண்டிதான் பக்கத்தில் வந்தார். குரலில் கேலி இல்லை.

"ஒல வைக்கச் சொல்லவா தங்கச்சி?"

"வைக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. மூணு."

"ஒண்ணு போதும். எனக்கு நீ ஒண்ணுதான வச்ச."

"எனக்கு நான் மூணு வச்சிருக்கேன்" என்றாள் அவள். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, தானே பூட்டைத் திறந்து உள்ளே போய், சாவியைக் கம்பி வழியாக ரெமிஜியூஸிடம் நீட்டினாள். முந்தானையைத் திரும்ப மூக்கில் கட்டிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு வேம்படித்துறையில் வேறு ஒரு பெண்ணும் பிள்ளையைச் சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. எல்லாரும் கையை அசைத்தே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். தீப்பெட்டியைப் பரணில் தூக்கிப் போட்டவர்களும் உண்டு.

முதல் உலை வேகும்போது சலேத்மேரி நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது உலை கொதி வந்தபோது இருமத் தொடங்கினாள். புகை தாயைக் கண்ட குட்டியாக மடியில் ஏறி, தோளில் சாய்ந்து, கழுத்தைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. அதற்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவளுடையது என்பதால் அவளிடம் வந்தது. மூன்றாவது உலையில் அரிசி போட்டதை யாரோ சொன்னார்கள். அதற்குள் அவள் தோள்பட்டை இரண்டும் மேலே ஏறிவிட்டன. உள்ளே இழுக்கிறாள், போகவில்லை. போனது வெளியே வரவில்லை. சுவரும் வானமும் சின்னதாகிக்கொண்டே வந்தன.

காற்று வருகிற பக்கமாகச் சுவருக்கு வெளியே வந்து நின்ற ஜெனிஃபா, கல் இடுக்கில் வாயை வைத்துக் கேட்டாள்.

"அம்மா, உள்ள எப்பிடி இருக்கு?"

சலேத்மேரிக்கு ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் தனித்தனியாக இழுத்தாள்.

"ஒனக்கு... இருக்குற... மாதிரி... இருக்குட்டி."

அந்தப் பக்கமிருந்து பிள்ளையின் குரல் வந்தது, பயமில்லாமல், அந்த இடத்தின் எல்லா மூலையும் தெரிந்த ஆளின் குரலாக.

"வாயால இழுக்காதம்மா, இழுத்தா இன்னும் அடைக்கும். முன்னால குனிஞ்சு உக்காரு. முட்டியில கைய ஊனிக்கோ. உள்ள போறதப் பத்தி நெனைக்காத, வெளிய விடுறத மட்டும் மெல்ல விடு. பயப்படாத, நான் இங்கனதான் நிக்கேன்."

சலேத்மேரி முன்னால் குனிந்தாள். முட்டியில் கையை ஊன்றினாள். மகள் சொன்னபடி மெல்ல வெளியே விட்டாள்.